சைகோன் சந்தில் முதல் போணி

எண்ணெய் காய்ந்ததும் லெயோனி ஒரே ஒரு வடையைத் தட்டிப் போட்டுப் பார்த்தாள். அது அடியில் போய் உட்கார்ந்து, வரலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, சுற்றிலும் நுரை கட்டிக்கொண்டு மேலே வந்தது. வந்தியா என் ராசாத்தி என்று அதனிடம் தமிழில் சொன்னாள். சைகோனின் இந்தச் சந்தில் அந்த மொழி தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, அதில் ஒரு சௌகரியம், வடையிடமும் கரண்டியிடமும் மனசில் இருப்பதையெல்லாம் சத்தமாகவே பேசிக்கொள்ளலாம், பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், பைத்தியத்தின் கையாலும் நல்ல வடை வரும். சோம்பு வாசனை எழுந்து மாடி வரைக்கும் போயிற்று. சோம்பு பாண்டிச்சேரியிலிருந்து கொண்டுவந்தது, விமான நிலையத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து மூன்று பேர் மாறி மாறி மோந்து பார்த்தார்கள். கடலைப்பருப்பு இங்கே அகப்படவில்லை, தோல் எடுத்த பாசிப்பருப்புத்தான் மார்க்கெட்டில் அம்பாரமாகக் கிடந்தது, சரி உனக்கும் எனக்கும் இன்றைக்கு ஒரே நிலைமைதான், இரண்டு பேரும் வேறொருத்தர் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறோம், மானத்தைக் காப்பாற்று என்று அதை ஊறப்போட்டிருந்தாள். இப்போது தட்டில் வடை பொன்னாகக் குவிந்தாயிற்று. வாழையிலையை வெட்டிப் பரப்பியாயிற்று. நீலப் பிளாஸ்டிக் முக்காலிகள் எதிரும் புதிருமாகப் போட்டாயிற்று. வாங்க ஒருத்தர் வந்தால் போதும், அதாவது அந்த ஒருத்தர்தான் வேண்டும், ஏனென்றால் மகள் ஜோஸ்லின் நேற்று பாண்டிச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டாள். ஒரு வடை, ஒரே ஒரு வடை, அந்த ஊர்க்காரங்க யாராவது காசு குடுத்து வாங்கிட்டாங்கன்னு சொல்லு, நான் வாயே திறக்கல, நீ அங்கயே இரு. நாளைக்குள்ள போணி ஆகலன்னா மரியாதையா ஏறி வந்துடு. லெயோனியும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

ரோஷம் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கண்மண் தெரியாது, செத்துப்போன புருஷன் தனராசு அதைச் சொல்லிச் சொல்லியே ஆயுசைக் கழித்தார். சொந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் கிளம்பி வந்தாள். அப்பா பாண்டிச்சேரியிலிருந்து இங்கே வந்து துணிக்கடையில் கணக்கராக இருந்தவர், அம்மா இந்த ஊர்க்காரி, லெயோனியின் பன்னிரண்டு வயதில், சண்டை முடிந்த கையோடு எல்லாரையும் மூட்டை கட்டி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த ஊர் அவளுக்குக் கனவில் மட்டும்தான். பிறந்த வீட்டைத் தேடிப் போனால் அங்கே செல்ஃபோன் கடை. அழுதுவிடுவோம் என்று கைக்குட்டையோடு உள்ளே நுழைந்தவள் புது சார்ஜர் ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள், நல்ல சார்ஜர், இன்னும் உழைக்கிறது. அன்றைக்கே ஒரு விஷயம் அவளுக்குத் தெளிவாகிவிட்டது, தான் வீட்டைப் பார்க்க வரவில்லை, இருக்க வந்திருக்கிறோம். மறுநாளே இந்தச் சந்தில் தாம் அக்காவின் மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். தாம் என்றால் எட்டு. தாம் அக்கா ஏழாவதாகப் பிறந்தவள், ஆனால் இந்த ஊரில் தலைச்சன் பிள்ளையையே இரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், ஒன்று என்று கூப்பிட்டால் பேயின் கண் பட்டுவிடும் என்று பயம், அதனால் எல்லாருக்கும் ஒரு எண் கூட. எண்ணத் தெரிந்த பேயாக இருந்தால் என்ன செய்வார்களோ. தாம் அக்கா இப்போது வாசலோரத்தில் குனிந்து, தரையோடு தரையாகப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் தொப்பைச் சாமிக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தாள், சாமிக்கு முன்னால் ஒரு சின்னக் குவளையில் கறுப்புக் காபியும் வைத்தாயிற்று. சாமிக்குக் கூடக் காலையில் காபி கிடைத்துவிட்டது, எனக்கு ஒரு போணி கிடைக்கவில்லை என்று லெயோனி வடையிடம் சொன்னாள்.

முதலில் வந்தது வின். பைக்கில் சவாரி ஏற்றுகிறவன், ஐம்பதைத் தாண்டியவன், சந்து முனையில் பைக்கின் மேலேயே கால் நீட்டிப் படுத்துத் தூங்கும் வித்தை தெரிந்தவன், எதைக் கொடுத்தாலும் தின்பான். வடை வாசனை பட்டதும் அவன் மூக்கு விரிந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். வா தம்பி, சூடாக இருக்கிறது, நீதான் முதல் ஆள் என்றாள். நீதான் முதல் ஆள் என்றதும் அவன் முகத்தில் என்னவோ ஒன்று மூடிக்கொண்டது, வயிறு சரியில்லை அக்கா, ராத்திரியிலிருந்து ஒரே கடாமுடா என்று வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டுப் பைக்கை உருட்டிக்கொண்டே, ஸ்டார்ட் கூடப் பண்ணாமல், போயேபோய்விட்டான். வயிறு சரியில்லாதவன் போகிற போக்கா அது, கொஞ்ச நேரத்தில் சந்து முனையில் அவன் ரொட்டிக்குள் பன்றி இறைச்சி வைத்துக் கடிப்பது இங்கேயிருந்தே தெரிந்தது. சொன்னது தப்பாகிவிட்டதோ. அவளுடைய வியட்நாமிய மொழிக்கு இன்னும் பன்னிரண்டு வயதுதான், அவள் மட்டும் கிழவியாகிவிட்டாள். வந்த புதிதில், எதிரே காபி விற்கும் ஹுவேயை, அவளுக்கு நாற்பது வயது கூட இருக்காது, லெயோனி சித்தி என்று கூப்பிட்டாள், சின்ன வயதில் காபிக்கடையில் இருக்கிறவள் யாரானாலும் சித்திதான், வாயில் தானாக வந்துவிட்டது. ஹுவே திரும்பித் திரும்பிப் பார்த்து யாரைச் சித்தி என்கிறீர்கள் சித்தி என்று கேட்டாள், சந்தே சிரித்தது. நல்ல சிரிப்புத்தான் அது, குத்துகிற சிரிப்பில்லை, அப்படித்தான் அன்றைக்குத் தோன்றியது. இப்போது அது என்ன சிரிப்பு என்று மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும் போலிருந்தது. இல்லை, அதெல்லாம் இல்லை, வயிறு சரியில்லை என்றால் சரியில்லைதான். ஆனால் ரொட்டி?

பாண்டியில் அம்மா சாய்யோ போட்டு விற்ற முதல் நாள் ஞாபகத்துக்கு வந்தது, வராமல் எப்படி இருக்கும். அரிசித் தாளில் கறியும் சேமியாவும் காளானும் வைத்துச் சுருட்டிப் பொரித்தெடுக்கிற சாய்யோ, இப்போது பாண்டியில் கல்யாண வீட்டிலெல்லாம் அதைப் பரிமாறுகிறார்கள், அன்றைக்குப் பெரிய மார்க்கெட் வாசலில் அலுமினியத் தட்டோடு உட்கார்ந்த அம்மாவைச் சுற்றி நின்றவர்கள், உள்ளே என்னாம்மா, தவளையா என்று கேட்டார்கள். அம்மாவுக்குத் தமிழில் அப்போது இரண்டே வார்த்தை, வணக்கம், போதும். தவளையா என்று கேட்டவனுக்கு வணக்கம் என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற லெயோனிதான் அப்பாவிடம் கற்ற தமிழில் தொண்டை கிழியக் கத்தினாள், தவளை இல்லீங்க, கறி, மொறுமொறுன்னு இருக்கு, வந்து சாப்டுப் பாருங்க, போணி பண்ணுங்க அண்ணா, போணி பண்ணுங்க. போணி என்ற வார்த்தையை மார்க்கெட்டில் மீன்காரிகளிடம் அன்று காலையில்தான் பொறுக்கியிருந்தாள், பொறுக்கின சூட்டோடு அதை வீசினாள். மீன்காரி ஒருத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, என்னாடி சீனாக்காரி போணி கேக்கறா என்று தன் கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்து இரண்டு வாங்கிக் கடித்தாள். அதோடு தட்டு காலி. போணி என்பது கேட்டு வாங்குகிற விஷயம், வாயை விட்டுக் கேட்டால் யாராவது மனமிரங்குவார்கள், அது பாண்டியில் அவள் முதன்முதலாகக் கற்ற தொழில் ரகசியம். பிறகு அவளே எத்தனையோ பேருக்குப் போணி பண்ணியிருக்கிறாள், பூக்காரி முதல் ஆட்டோக்காரன் வரை கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்பார்கள், காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதில்லை. சீனாக்காரி. அந்தப் பெயர் பள்ளிக்கூடம் முழுக்கக் கூடவே வந்தது, முகத்தைப் பார்த்து வைத்தது. அதற்கு முன்னால் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சா வா, சா வா என்று பின்னால் கத்துவார்கள், இந்தியாக்காரர்களுக்கு இவர்கள் வைத்த பெயர், அது தோலைப் பார்த்து வைத்தது. ஆக முகம் ஒரு ஊருக்கு ஆகவில்லை, தோல் ஒரு ஊருக்கு ஆகவில்லை, நடுக்கடலில்தான் குடியிருந்திருக்கவேண்டும் என்று தனராசுவிடம் சொல்வாள், அவர், கடல் காத்து ஒடம்புக்கு நல்லதுதான் என்பார். அந்த மனுஷனிடம் எதையும் சோகமாகச் சொல்ல முடியாது, சொன்னாலும் கையில் வாங்கி வேறு ஏதோவாக ஆக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆகவே கேட்பது என்று முடிவு செய்தாள். கேட்காத வாய்க்கு யார் போணி பண்ணுவார்கள். அடுத்தபடியாகச் சந்துக்குள் லாட்டரிச் சீட்டு விற்கும் பொம்பளை வந்தாள், தினமும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு வாசல் விடாமல் நிற்பவள். வாங்க, போணி பண்ணுங்க என்று பன்னிரண்டு வயது மொழியில் லெயோனி கூவினாள், போணி என்பதற்கு இவர்கள் சொல்லும் வார்த்தை கூட நினைவுக்கு வந்தது, கடையைத் திற என்று அர்த்தம், அம்மா சொல்லிக் கேட்டது. லாட்டரிப் பொம்பளை அந்த வார்த்தையைக் கேட்டாள், வடையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிறகு வந்த வழியே திரும்பிப் போனாள். தன் வியாபாரத்தை விட்டுவிட்டு. முழுச் சந்தையும் விட்டுவிட்டு. அட, எவ்வளவு பெரிய பாவம் இது, ஒரு வடைக்காகவா. உப்பு ஜாஸ்தியோ என்று ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள், இல்லை, உப்பு சரியாக இருந்தது, அல்லது கொஞ்சம் கம்மியோ, கம்மியென்றால் கூடத் தின்று பார்த்துவிட்டல்லவா சொல்லவேண்டும். சோம்பு வாசனை பிடிக்கவில்லையோ. தன்னிடமே ஏதாவது வாசனையோ, தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கவேண்டாம் என்று ஜோஸ்லின் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். எதிரே ஹுவே குவளைகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள், துடைத்ததையே துடைத்தாள், கண் மட்டும் இங்கே. லெயோனி ஒரு முடிவோடு எழுந்தாள். நல்ல வடையாகப் பார்த்து இரண்டை இலைத்துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு சந்தைக் கடந்தாள், கடக்க நாலு எட்டுக் கூட ஆகாது, காசு வேண்டாம் ஹுவே, சும்மா தின்று பார், ருசி மட்டும் சொல் என்று நீட்டினாள். ஹுவே இரண்டு கைகளையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நெருப்பை நீட்டினால் குழந்தை செய்யுமே, அப்படி. வேண்டாம் சித்தி, இன்றைக்கு வேண்டாம், சும்மா யாருக்கும் கொடுக்காதீர்கள், தயவுசெய்து கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது முக்காலி தணிந்துபோன மாதிரி இருந்தது. இந்தச் சந்தில் ஏற்கெனவே எத்தனை தடவை இவர்கள் கையால் வாங்கித் தின்றிருக்கிறாள், காய்ச்சல் என்று இரண்டு நாள் இறங்காமல் இருந்தபோது ஹுவேதான் கஞ்சி கொண்டுவந்தாள், இஞ்சி கீறிப் போட்ட கஞ்சி, வின் எங்கிருந்தோ மாத்திரை வாங்கி வந்தான். அது வேறு, இது வேறு போலிருக்கிறது. விருந்தாளிக்குக் கஞ்சி கொடுக்கலாம், விருந்தாளி பாயை விரித்துப் படுத்துக்கொண்டு கடையும் போட்டால்தான் தகராறு. மாடி அறை இந்தியாக்காரி என்று தாம் அக்கா யாரிடமோ சொன்னதை ஒருநாள் படியில் நின்று கேட்டிருக்கிறாள், அப்போது அது வெறும் அடையாளமாகக் காதில் விழுந்தது, இப்போது அது கல் மாதிரி உருண்டது. பாண்டியில் கடைசி வரைக்கும் சைகோன்காரி. இங்கே வந்தால் இந்தியாக்காரி. லாஸ்பேட்டையில் ஜோஸ்லின் வீட்டுப் பின்னறை தெரிந்தது, நல்ல அறைதான், மின்விசிறி நன்றாகச் சுற்றும், பேரன் பேத்தி இல்லாத வீடு, மாப்பிள்ளை தங்கமானவர், காலையில் இட்லி, மாலையில் சீரியல், சீரியலில் அழுகிற பொம்பளை, அவளைப் பார்த்து அழுகிற ஜோஸ்லினின் மாமியார், இருவரையும் பார்த்து அழமுடியாமல் உட்கார்ந்திருக்கும் தான். பயம் அதுதான். செத்துப்போவது கூட இல்லை. ஒருத்தர் வீட்டில் நல்லவிதமாக வைத்துக்கொள்ளப்படுவது. இங்கே காலையில் கண் விழிக்கும்போதே ரொட்டி விற்கிறவனுடைய ஒலிபெருக்கி கேட்கும், பதிவு செய்த ஒரே குரல், சூடான ரொட்டி, மணக்கும் ரொட்டி என்று, அந்தக் குரலைக் கேட்டதும் இன்றைக்கு என்னவோ நடக்கப்போகிறது என்று உடம்பு குதிக்கும், அறுபதைத் தாண்டிய உடம்பு. என்ன நடக்கும், ஒன்றும் நடக்காது, காபி குடிப்பாள், யாராவது ஏதாவது தப்பாகச் சொன்னதற்குத் திருத்துவார்கள், அவ்வளவுதான், ஆனால் குதிக்கும். அதை ஜோஸ்லினுக்கு எப்படி விளக்குவது. வடைகள் ஆறிப்போயிருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள், மொறுமொறுப்பு இறங்கி, மேலே எண்ணெய் மினுமினுத்தது. இன்னொரு ஈடு போடலாமா என்று யோசித்தாள், போடுவதற்குக் கை வரவில்லை.

அப்போதுதான் வெள்ளைக்காரன் வந்தான். முதுகில் மூட்டை, வெயிலில் தக்காளி நிறத்தில் மூக்கு, வழி தவறி வந்திருக்கிறான், வழி தவறினவன் முகத்தில் இருக்கும் சந்தோஷமே தனி. தட்டைப் பார்த்தான், குனிந்தான், மோந்தான், ஆகா என்றான், பாக்கெட்டுக்குள் கையை விட்டான். லெயோனி கணக்குப் போட்டாள். இந்த ஊர்க்காரங்க என்றுதான் ஜோஸ்லின் சொன்னாள், இவன் இந்த ஊர்க்காரனில்லை, ஆனால் அதை ஃபோனில் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டமா, ஒருத்தர் வாங்கினார் என்றால் போதாதா, எந்த ஊர் என்று அவள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். இலையைக் கிழித்தாள், வடையை எடுத்தாள், அவன் கையிலிருந்த நோட்டு இவள் கைக்கு ஒரு முழ தூரத்தில் வந்துவிட்டது. எங்கிருந்துதான் வந்தாளோ தாம் அக்கா, எழுபது வயது முழங்காலோடு அப்படி ஓடி வருவாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், குறுக்கே விழுந்து வெள்ளைக்காரனின் முழங்கையைப் பிடித்து, நோ, நோ, காபி, காபி என்று எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஹுவே ஏற்கெனவே முக்காலியை இழுத்துப்போட்டுத் தயாராக நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து அவனை உட்காரவைத்து, கட்டிப்பால் ஊற்றிய ஐஸ் காபியைக் கையில் திணித்தார்கள். அவன் என்ன நடந்தது என்று புரியாமல், ஆனால் அதிலும் சந்தோஷமாக, உறிஞ்சத் தொடங்கினான்.

லெயோனி எழுந்து நின்றாள். எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. தமிழில் வந்த வசவுகளெல்லாம், பெரிய மார்க்கெட் மீன்காரிகளிடம் ஆண்டாண்டு காலமாகச் சேகரித்தவை, பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தவை, நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டன, இவர்களுக்கு அவை புரியாதே. இவர்கள் மொழியில் திட்டவேண்டும். இவர்கள் மொழியில் என்ன இருக்கிறது அவளிடம், உள்ளே தேடினாள், ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தாள், எல்லாம் பன்னிரண்டு வயதில் பூட்டிய பெட்டிகள். பெரியவர்கள் ஒருவரையொருவர் வையும் வார்த்தை எதுவுமே அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அதற்குள் விமானம் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் கிடைத்ததை எடுத்துச் சந்துக்கே கேட்கும்படி வீசினாள்.

“நான் உங்க எல்லார்கூடயும் காய்! இனிமே உங்ககூட விளையாட வரமாட்டேன்!”

வின், அவன் எப்போது திரும்பி வந்தான் என்று தெரியவில்லை, பைக்கின் மேலிருந்து சிரிப்புத் தாங்காமல் வழுக்கி இறங்கினான். ஹுவே குவளை துடைக்கும் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. தாம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அல்லது சிரிப்பை விழுங்கிவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்து வந்து, சாய்ந்த முக்காலியை நிமிர்த்தி, லெயோனியின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள், கோபித்துக்கொண்ட பிள்ளையை உட்காரவைப்பது போல. என்ன பேய் பிடித்தது உனக்கு என்று கேட்டாள். எனக்கென்ன பிடித்தது, உங்களுக்கு என்ன பிடித்தது, வந்த ஒருத்தனையும் விரட்டிவிட்டீர்களே என்று லெயோனி கேட்டாள். தாம் அக்கா அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

“புதுக் கடைக்கு மொதல்ல யார் கை படுதுங்கறதுதானே எல்லாம். கை கனமானவ வாங்கினா கடை எழுந்திருக்காது, அப்புறம் அவ ஆயுசு பூரா அந்தப் பழியைச் சுமக்கணும். வின் கை சுத்தமா ஆகாது, ஹுவேவுக்குத் தன் கை எப்படின்னே தெரியாது. அந்த வெள்ளக்காரன் கை எப்படின்னு யார் கண்டா? துயெத்துக்கு நேத்தே சொல்லியாச்சு. அவ தன்னோட நூடுல்ஸ் வண்டிய முடிச்சுட்டுத்தானே வரமுடியும்?”

துயெத்தின் கை லேசு என்று சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள், அவள் முதல் போணி பண்ணிய கடை எதுவும் மூடியதில்லை, ஹுவேயின் காபிக்கடைக்கு அவள்தான், சந்து முனை மருந்துக்கடைக்கு அவள்தான். கைராசி என்று லெயோனி தமிழில் முணுமுணுத்தாள். அட, கைராசி. டாக்டருக்குக் கைராசி உண்டு, நாற்று நடுகிறவளுக்கு உண்டு, வாங்குகிறவனுக்கும் உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள், பாண்டியில் விற்கிறவன்தான் கெஞ்சுவான், வாங்குகிறவன் பயந்து அவள் பார்த்ததில்லை. காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதும், சீட்டுக்காரி வியாபாரத்தையே விட்டுத் திரும்பியதும், முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளும் ஒவ்வொன்றாக அவளுக்குள் திரும்பிப் படுத்தன. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டாள். அதற்குத் தாம் அக்கா சொன்ன பதிலைத்தான் அன்றைக்கு ராத்திரி வரை, அதற்கு மறுநாளும், லெயோனி உள்ளே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க பொறந்தவளுக்கு இத யார் உக்காத்திவச்சுச் சொல்லுவாங்க? வெளியாள் கடையா இருந்தா எங்களுக்கென்ன, காலையிலயே நானே பத்து வாங்கித் தின்னுட்டுப் போயிருப்பேன்.”

சொல்லி முடிக்கவும் துயெத் வந்து சேரவும் சரியாக இருந்தது. கைராசிக்காரி என்றதும் தொப்பைச் சாமி மாதிரி ஒருத்தியை, பூரித்த முகத்தை லெயோனி எதிர்பார்த்தாள். வந்து பைக்கை நிறுத்தியவள் ஒல்லி, வற்றல், யாரோ கடன் கேட்டுவிட்டது போல ஒரு முகம், நூடுல்ஸ் நெடி அடிக்கும் ஏப்ரனைக் கூடக் கழற்றவில்லை, யாருக்கும் ஒரு சிரிப்பில்லை, இந்த முகத்திலா ராசி என்று யாரும் நினைப்பார்கள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். துயெத் விலை கேட்கவில்லை, கேட்கக்கூடாதாம். புது நோட்டு ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். லெயோனி சூடாகப் போட்டுத் தருகிறேன், இது ஆறிவிட்டது என்று பதறினாள், வேண்டாம், முதலில் போட்டதுதான் என்று துயெத் தலையை ஆட்டிவிட்டு ஆறிய வடையை எடுத்து நின்றபடியே கடித்தாள். மென்றாள். சந்து மூச்சைப் பிடித்துக்கொண்டது, வெள்ளைக்காரன் கூட உறிஞ்சுவதை நிறுத்தினான். நிதானமாக மென்று, விழுங்கி, இன்னொரு கடி கடித்து, அதையும் விழுங்கி, உப்பு கம்மி என்றாள். உடனே சந்து முழுக்க ஆகா என்று ஒரு பெருமூச்சு எழுந்தது, குறை சொன்னால்தான் நிலைக்குமாம், யாரோ சொன்னார்கள். லெயோனி அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அது அவர்களுக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு நிமிர நேரமில்லை. வின்னுக்கு வயிறு சரியாகிவிட்டது, நாலு வாங்கினான், நின்ற இடத்திலேயே முடித்துவிட்டு இன்னும் இரண்டு கேட்டான். ஹுவே முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளை வெளியே எடுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், லாட்டரிப் பொம்பளை எங்கேயிருந்து மோப்பம் பிடித்தாளோ வந்துவிட்டாள், காபி முடிந்த வெள்ளைக்காரனுக்கும் அனுமதி கிடைத்தது. மாவில் உப்புக் கூட்டி அடுத்த ஈடு போட்டாள், அதற்கடுத்த ஈடும் போட்டாள், எண்ணெய் தெறித்துப் புறங்கையில் பட்டது கூடத் தெரியவில்லை, அழுகையா வேர்வையா என்று பிரிக்கமுடியாமல் முகமெல்லாம் நனைந்திருந்தது, சந்தோஷம் என்றால் சந்தோஷம், அதற்கு வேறு பெயர் வைக்கவேண்டிய அவசியமில்லை. மாவு வழித்த பாத்திரத்தைக் கழுவக் குனிந்தபோது தாம் அக்கா பக்கத்தில் வந்து, ஒரு விஷயம் சொல்லவேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று குரலைத் தாழ்த்தினாள். நாளைக்குக் கோடியில் புதிதாக ஒரு முடிவெட்டும் கடை திறக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நடத்தப்போகிறார்கள். துயெத் வந்து முதல் முடியை வெட்டிக்கொண்டு போகும்வரைக்கும் லெயோனி தவறிக்கூட அந்தப் பக்கம் போய்விடக்கூடாது, இவள் கை கனமா லேசா என்று இந்தச் சந்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. போகவே மாட்டேன் அக்கா, வாசலைத் தாண்டமாட்டேன், ஜன்னலைக் கூடத் திறக்கமாட்டேன் என்று லெயோனி மாவுக்கையோடு சத்தியம் செய்தாள். வாழ்நாளில் இத்தனை சந்தோஷமாக அவள் எந்த இடத்துக்கும் போகாமல் இருந்ததில்லை.